வால்பேத்தை வகுப்பில் ரதி ரீச்சர்

உலகத்துப் பிள்ளைகளை ரதிதேவி இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒன்று, முதலாம் பிள்ளை. மற்றது, மற்றப் பிள்ளைகள். இரண்டாம் பிள்ளை, மூன்றாம் பிள்ளை என்பதெல்லாம் மற்றப் பிள்ளைகளின் தாய்மார் மனதைத் தேற்றிக்கொள்ளக் கண்டுபிடித்த சங்கதி என்பது அவளுடைய அசைக்க முடியாத எண்ணம்.

யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் விலங்கியல் படிப்பித்தவள். பகலில் பள்ளிக்கூடம், பின்னேரம் டியூட்டரி. கரப்பான் பூச்சியின் உணவுக்குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் கீறுவாள். பரீட்சைக்கு இன்ன கேள்வி வரும் என்று அவள் ஊகித்துக் கொடுத்தால் பத்தில் ஏழு வந்தே தீரும். வராத மூன்றுக்கும் வினாத்தாள் எடுத்தவர்களைத்தான் திட்டுவாள். எண்பத்து நாலில் கணவன் குலசிங்கத்தோடும் ஆறு வயது மகள் நிரூபாவோடும் ஒக்லாந்துக்கு வந்து இறங்கியபோது இந்தத் திறமையைக் கேட்பாரில்லை. மங்கரேயில், விமானப் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கேயும் மணித்தியாலத்துக்கு ஆகக்கூடத் தட்டு அடுக்குகிறவர் யார் என்று அவள் மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் முதலாம் ஆள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

குலசிங்கம் விரி என்ற இடத்தில் ஒரு பண்டசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். நல்ல மனிதன். வீட்டில் வாய் திறக்க அதிகம் இடம் கிடைக்காததால், திறக்கும்போது அளந்து பேசுவான்.

இந்த நாட்டில் ரதிதேவிக்கு ஒரேயொரு மனக்குறைதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இலக்கம் போடுவதில்லை. நிரூபாவின் றிப்போட்டில், பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள், மற்றவர்களோடு பகிர்ந்து சாப்பிடுகிறாள் என்று எழுதியிருந்தது. ரதிதேவி நேரே வகுப்பாசிரியையிடம் போய், "இவள் எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்டாள். அந்தப் பெண், "நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை" என்று சிரித்தாள். ரதிதேவிக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் புத்தகம் வாசிக்கிறது, எந்தக் கணக்குச் செய்கிறது என்று நிரூபாவைக் குடைந்து கேட்டு, தானே ஒரு பட்டியல் போட்டாள். நிரூபா முதலாம் பிள்ளை. அதன் பிறகுதான் சோறு இறங்கியது.

ஆகவே எண்பத்தாறாம் ஆண்டு ஒக்டோபரில், நகரசபை நீச்சல் தடாகத்தின் அறிவித்தல் பலகைக்கு முன்னால் அவள் நின்ற நேரம், காணாததைக் கண்டவளாக நின்றாள். ஆறு வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர். வால்பேத்தை, தவளை, விலாங்கு, பென்குயின், சீல், டொல்பின். ஒவ்வொரு வகுப்புக்கும் சோதனை. சோதனையில் தேறினால் நீச்சலுடையில் தைக்கத் துணியில் ஒரு சின்னம். கடைசியில் இந்த ஊரிலும் யாரோ ஒரு மனிதனுக்குப் புத்தி இருந்திருக்கிறது!

விலங்கியல் ரீச்சருக்கு ஒரு சின்ன மனஸ்தாபமும் வந்தது. வால்பேத்தை தவளையாகும், சரி. தவளை எந்தப் பாடப்புத்தகத்தில் விலாங்கு ஆகியது? இருந்தாலும் மன்னித்தாள்.

அவளை அங்கே அழைத்துப் போனவள் அன்ரனீற்றா. மன்னார்ப் பெண்; சமையற்கூடத்தில் பக்கத்து மேசை. அவளுடைய மகள் டோறினும் எட்டு வயதுக்காரிதான். டோறின் பென்குயின் வகுப்பில் இருந்தாள்.

"தொடக்கத்திலை எல்லாரும் வால்பேத்தைதான், ரீச்சர்" என்றாள் அன்ரனீற்றா. "டோறினும் அதிலை இருந்துதான் வந்தவள். வெக்கப்பட ஒண்டும் இல்லை."

வெட்கம் என்ற சொல் வாயில் வந்துவிட்டால், அங்கே வெட்கம் இருக்கிறது என்றுதான் ரதிதேவி எடுத்துக்கொள்வாள். டோறின் நாலாம் வகுப்பில். தன் மகள், சொந்தப் பட்டியலில் முதலாம் பிள்ளை, மூன்று வயதுக் குழந்தைகளோடு முதலாம் வகுப்பிலா?

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். ஊரில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு டபிள் புரமோஷன் கொடுப்பது வழக்கம். மூன்றாம் வகுப்பில் இருக்கிற பிள்ளையைத் தூக்கி ஐந்தில் இருத்துவார்கள். பிள்ளை எட்டிப் பிடித்துக்கொள்ளும். ரதிதேவியே அப்படி ஏறி வந்தவள்தான். அவள் பேனையை எடுத்து, விலாங்குக்கு நேரே ஒரு சரி போட்டாள்.

குலசிங்கம் எட்டிப் பார்த்தான். அளந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.

"ரதி, பிள்ளைக்கு நீந்தத் தெரியாதெல்லோ?"

"இப்ப தெரியாது. சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு."

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பிள்ளை மல்லாக்கப் படுத்துப் பத்துச் செக்கன் மிதக்குமா? ரதிதேவி பொய் சொல்கிற மனுஷி அல்ல; சோதித்துப் பார்த்தாள். குளியல் தொட்டியில் அரையடித் தண்ணீர் விட்டு நிரூபாவை மல்லாக்கப் படுக்கவைத்தாள். பிள்ளையின் முதுகு தொட்டியின் அடியில் வசதியாகப் பதிந்திருந்தது. பத்துச் செக்கன் என்ன, ஐந்து நிமிடம் அப்படியே கிடந்தாள். ரதிதேவி 'ஆம்' என்று எழுதினாள். கடைசியில் ஒரு வரி: தண்ணீருக்குள் கூட இறங்கும் பெரியவரின் பெயர், வால்பேத்தை வகுப்புக்கு மட்டும். அதில் பெருமையோடு ஒரு கோடு இழுத்தாள்.

நாலு நாளும் டியூஷன் நடந்தது. நிரூபா முக்காலியில் குப்புறப் படுத்துக்கொண்டு கைகாலை அடிக்க, ரதிதேவி நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, "முழங்கை மேலை! கால் நீட்டு!" என்று நடந்து திரிந்தாள். பிள்ளை இடையில் ஒரு தரம் தலையை நிமிர்த்தி, "அம்மா, கான் யூ சுவிம்?" என்று கேட்டாள்.

"தெரியாமல் பின்னை? கீரிமலைக் கேணியிலை குறுக்கும் நெடுக்கும் நீந்தினனான்."

உண்மை என்னவென்றால், கீரிமலையில் ரதிதேவி கடைசிப் படியில் இருந்து கணுக்கால் வரை நனைத்திருக்கிறாள். யாராவது தண்ணீர் தெளித்தால் ஏசியுமிருக்கிறாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை வந்தது. விலாங்கு வகுப்பை நடத்தியவள் மெரே என்ற மாவோரிப் பெண். அகலமான தோள், கழுத்தில் விசில், யார் பெயரையும் ஒருதரம் கேட்டால் மறக்காத ஞாபகம். எட்டுப் பிள்ளைகள் ஆழமான பக்கத்து விளிம்பில் வரிசையாக நின்றார்கள். ஒன்பதாவதாக நிரூபா. மெரே விசில் ஊதினாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. தன் முறை வந்ததும் நிரூபா பார்வையாளர் வாங்குப் பக்கம் திரும்பினாள். ரதிதேவி குதி என்று தலையை ஆட்டினாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை, குதித்தாள்.

குதித்தவள் மேலே வரவில்லை.

மெரே போட்டிருந்த உடுப்போடும் கைக்கடிகாரத்தோடும் பாய்ந்து, ஒரு கையால் பிள்ளையைத் தூக்கி வந்து விளிம்பில் இருத்தினாள். எல்லாம் நாலைந்து செக்கன்தான். ஆனால் ரதிதேவி வாங்கிலிருந்து விளிம்புக்கு ஓடி வந்த அந்தத் தூரத்தை அதற்குப் பிறகு எத்தனையோ இரவு நித்திரையில் ஓடியிருக்கிறாள். நிரூபா இருமினாள், மூக்கைத் துடைத்தாள், அழவில்லை. தாயைப் பார்த்தாள். வழமையாக எதற்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், இதைத் தமிழில் சொன்னாள்.

"எனக்கு மிதக்கத் தெரியும் எண்டு நீங்கள் சொன்னீங்கள்."

மெரே கத்தவில்லை. படிவத்தை எடுத்து வந்து, சொட்டுகிற விரலை அந்தச் சரிக்கு நேரே வைத்து, "இதை நிரப்பியது யார்?" என்று மட்டும் கேட்டாள். பார்த்து எழுதிப் பிடிபட்ட எத்தனையோ மாணவரிடம் ரதிதேவி இதே குரலில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். இந்தப் பக்கம் நின்று பதில் சொன்னது அன்றுதான் முதல்தடவை.

அதன் பிறகு நிரூபா தண்ணீர்ப் பக்கமே போக மறுத்தாள். குளியல் தொட்டிக்குள்ளும் இறங்க மாட்டாள். வாளியில் மொண்டு வார்க்க வேண்டும். அதையாவது பொறுக்கலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. ரதிதேவி எதைச் சொன்னாலும் பிள்ளை சரிபார்க்கத் தொடங்கினாள். வெளியே குளிர், சுவெற்றர் போடு என்றால், கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள். கறி உறைக்காது என்றால் தகப்பனைப் பார்த்து, "இஸ் இற், அப்பா?" என்பாள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ஒருநாள் தாய் சொன்னதைப் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு எண்ணிப் பார்த்தாள். ஐம்பத்தாறுதான். அப்படியிருந்தும் ரதிதேவி குசினிக்குள் போய் அழுதாள். பெற்ற பிள்ளை தன் சொல்லை நம்பவில்லை என்பதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன பெயில் இருக்கிறது?

பெப்ரவரியில் பள்ளிக்கூடத் தடாகம் திறந்துவிடும். வகுப்பு முழுவதும் இறங்கும்போது இவள் மட்டும் வாங்கில் இருப்பாள். அன்ரனீற்றா, மெரே சொல்லியனுப்பிய செய்தியைத் தேநீர் இடைவேளையில் கொண்டுவந்தாள்.

"அடுத்த சனி பத்து மணிக்கு வால்பேத்தை வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிவரட்டாம். கூட ஒரு பெரிய ஆள் தண்ணிக்குள்ளை இறங்க வேணுமாம்."

"இவருக்குச் சனிக்கிழமை ஓவர்டைம்."

"அவர் வேண்டாமாம், ரீச்சர். ஆர் பிள்ளையைக் குதிக்கச் சொன்னதோ, அந்த ஆளே இறங்கட்டாம்."

மனுகாவ் கடைத்தொகுதியில் நீச்சலுடை வாங்கப் போன கதையை அன்ரனீற்றா பல வருடம் சொல்லிச் சிரித்தாள். ரதிதேவி அந்தக் கறுப்புத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தாள்.

"மிச்சம் எங்கை?"

"இவ்வளவுதான், ரீச்சர்."

"இதுக்குள்ளை நான் பாதிதான் போவன். மற்றப் பாதி ஆர் கொண்டு போறது?"

கடைசியில் அதற்கு மேல் குலசிங்கத்தின் அரைக்காற்சட்டை, அதற்கும் மேல் அவனுடைய பண்டசாலை ரீசேட் என்று ஒப்பந்தமாயிற்று. உடுப்பைவிட முக்கியமானது பாடக்குறிப்பு என்பதால் ஒரு கொப்பியில் 'மிதத்தல்: காரணிகள்' என்று தலைப்பிட்டுப் பதினாலு பக்கம் எழுதினாள். போன உடனே மெரேயிடம், பழைய சோதனை வினாத்தாள்கள் இருக்கிறதா என்றும் கேட்டாள்.

மெரே சிரித்துச் சிரித்துத் தடாகத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே கேள்விதான் இருக்கிறது. முகத்தைத் தண்ணீருக்குள் வைப்பீர்களா?"

குறிப்பில் அது இல்லை.

வால்பேத்தை வகுப்பில் ஏழு குழந்தைகள், எல்லாம் மூன்று நாலு வயது. இடுப்பளவு தண்ணீரில் தாய்மார் குழந்தைகளைத் தூக்கிச் சுற்ற, எல்லோரும் குமிழி விடுகிற பாட்டுப் பாடினார்கள். ரதிதேவி படியில் இறங்கியதும் ரீசேட்டுக்குள் காற்றுப் புகுந்து முன்பக்கம் பானையாக எழும்பியது. ஒரு குழந்தை வந்து அதை அமத்திப் பார்த்தது. புஸ் என்று காற்றுப் போனது. மற்ற ஆறு குழந்தைகளும் அமத்த வந்துவிட்டன. நிரூபா மேற்படியில் காலை மடக்கி இருந்தபடி பார்த்தாள். சிரிப்பு வந்தும் சிரிக்கவில்லை.

முதல் வாரம் நிரூபா படியை விட்டு அசையவில்லை. இரண்டாம் வாரம் கணுக்கால் வரை. ரதிதேவி ஒவ்வொரு தரமும், "வா பிள்ளை, ஒண்டும் செய்யாது, அம்மா நிக்கிறன்தானே" என்றாள். சொல்லும்போதே அவளுடைய வலது கை கம்பியைப் பிடித்த பிடியில் முட்டி வெளுத்துப்போய் இருந்தது. அவளுடைய முகமும் அந்த இரண்டு வாரமும் ஒரு துளி நனையவில்லை.

மூன்றாம் வாரம் அதே "வா பிள்ளை" தொடங்கியபோது நிரூபா கேட்டாள்.

"கீரிமலையிலை முகம் வைச்சனீங்களோ?"

வைத்தேன் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அது ஒரு சொல்தான். சொல்லிவிட்டால் அன்றைய காலை கழிந்துவிடும். பிள்ளை தாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கதவைத் திறந்து குளிரைச் சோதிக்கிற அதே பார்வை. ரதிதேவி வாயை மூடினாள். பிறகு திரும்பவும் திறந்தாள்.

"இல்லை. நான் கேணிக்குள்ளை இறங்கவே இல்லை. எனக்கு நீந்தத் தெரியாது, நிரூபா. படிவத்திலை எழுதினதும் பொய். நீ டோறினுக்குக் கீழை இருக்கக்கூடாது எண்டு எழுதினனான்."

"ஐ நோ" என்றாள் நிரூபா. "நீங்கள் கம்பியை விடவே இல்லை."

"எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும்."

 பக்கத்தில் ஏழு குழந்தைகளும் பாட்டுப் பாடின. பிறகு நிரூபா, ரீச்சரின் மகள்தானே, தீர்ப்பைச் சொன்னாள். "நீங்கள் முதல்."

ரதிதேவி கடவுளரை வரிசையாக நினைத்தாள். கம்பியை விட்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். காதுக்குள் கடகடவென்று ஒரு சத்தம், மூக்கின் அடிவரைக்கும் குளோரின். நிமிர்ந்தபோது கொண்டை அவிழ்ந்து, பொட்டு கன்னத்துக்கு இறங்கி, ரீசேட் பானை மறுபடி எழும்பியிருந்தது. உயிரோடுதான் இருந்தாள்.

நிரூபா பெரிதாகச் சிரித்தாள். அத்தனை கிழமைக்குப் பிறகு வந்த அந்தச் சிரிப்புக்காக ரதிதேவி தலைகீழாக நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பாள். "இன்னொருக்கா செய்யுங்கோ" என்றபடி பிள்ளை படியிலிருந்து இறங்கி, தாயின் ரீசேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பர் நடுவில் சோதனை. குமிழி விடுவது, முகம் வைப்பது, பலகையைப் பிடித்துக் கயிறு வரைக்கும் காலடித்துப் போவது, மல்லாக்கப் பத்துச் செக்கன் மிதப்பது. நிரூபா எல்லாவற்றையும் செய்து முடித்துத் தவளைச் சின்னத்தை வாங்கினாள். மெரே அடுத்ததாக ரதிதேவியைக் கூப்பிட்டாள். தண்ணீருக்குள் இத்தனை வாரம் நின்ற எவருக்கும் சோதனை உண்டாம். ரதிதேவி மூன்றைச் செய்துவிட்டாள். நாலாவதற்கு மல்லாக்கச் சாய்ந்தாள். செக்கன் எண்ணுகிற வேலையை மெரே நிரூபாவிடம் கொடுத்தாள்.

"வண்... ரூ... த்ரீ..."

ரதிதேவியின் கால் முதலில் தாழ்ந்தது, பிறகு இடுப்பு, பிறகு ரீசேட்டில் இருந்த பண்டசாலையின் பெயர், கடைசியாக மூக்கு. எழும்பித் தும்மினாள்.

"சிக்ஸ்" என்றாள் நிரூபா.

"ஏழெண்டு நினைச்சன்."

"ஆறு, அம்மா."

கருணைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. டியூட்டரியில் ரதிதேவியும் ஒருவருக்கும் அது போட்டதில்லை. வாழ்க்கையில் முதல் பெயில் என்றால் உலகம் இருண்டுவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அந்த நேரம் மனதில் ஓடியது வேறு: ஆறு என்று பிள்ளை சொன்னால் அது ஆறுதான். அதை நினைக்க அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

திங்கட்கிழமை சமையற்கூடத்தில் அன்ரனீற்றா, "என்ன ரீச்சர், றிசல்ற் வந்ததோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"பிள்ளை பாஸ். நான் பெயில்" என்று கூடம் முழுவதும் கேட்கச் சொன்னாள் ரதிதேவி. சொன்ன கையோடு தட்டு அடுக்கத் தொடங்கினாள். அதில் இன்னும் அவள்தான் முதலாம் ஆள்.

அன்று பின்னேரம் அடுத்த தவணைக்கான படிவங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. ரதிதேவி தவளைச் சின்னத்தை நிரூபாவின் நீச்சலுடையில் தைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஊசி இருந்ததால் பேனை பிள்ளையிடம் போய்விட்டது. நிரூபா தன்னுடையதை நிரப்பிவிட்டு மற்றதை இழுத்தாள். பெயர், ரதிதேவி குலசிங்கம். வயது, முப்பத்தாறு. வகுப்பு, வால்பேத்தை.

"மல்லாக்கப் பத்துச் செக்கன்?" என்று வாசித்தாள்.

"பெப்ரவரிக்கிடையிலை வந்திடும். ஓம் எண்டு போடன்."

நிரூபா பேனையைத் தூக்கிப் பிடித்தபடி தாயைப் பார்த்தாள். குலசிங்கம் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தான்.

"சரி, சரி" என்றாள் ரதிதேவி. "இல்லை எண்டு போடு."

பிள்ளை 'இல்லை' என்று போட்டாள். கடைசி வரிக்கு வந்ததும் ஒரு கணம் யோசித்து, நாக்கைக் கடித்தபடி ஏதோ எழுதினாள். ரதிதேவி தையலை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். தண்ணீருக்குள் கூட இறங்கும் பெரியவரின் பெயர் என்ற இடத்தில், நிரூபா குலசிங்கம் என்று இருந்தது.

"அதுக்குப் பெரிய ஆள் வேணும், குஞ்சு."

"நான் தவளையெல்லோ" என்றாள் நிரூபா. "என்ரை வகுப்பு ஒன்பது மணிக்கு. பத்து மணிக்கு நான் வந்து நிக்கிறன். பயப்பிடாதேங்கோ."

ரதிதேவி பேனையை வாங்கினாள். ஒன்றையும் திருத்தாமல் கையெழுத்து வைத்தாள்.